தலையணையும் நனைந்திருந்தது

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஒற்று எங்கே போட வேண்டும், எங்கே விட வேண்டும் என்று தெரியாது. நடந்ததில் பாதி மறந்தும் போகிறது. முன்னால் சொல்ல வேண்டியது பின்னால் வந்து விழும். பொறுத்துக்கொண்டு படியுங்கள். ஆனால் எழுத்துக்குத்தான் மன்னிப்புக் கேட்கிறேன். எழுதப்போகிற விஷயத்துக்குக் கேட்கமாட்டேன்.

விஷயம் இதுதான். மூன்று மாதமாக நான் படுக்கையில் மூத்திரம் போகிறேன் என்று என் வீட்டில் எல்லோரும் நம்பினார்கள். நான் போகவில்லை.

உசிலம்பட்டிப் பக்கம் மானாவாரி விவசாயம் பார்த்த குடும்பம் எங்களுடையது. வீட்டுக்காரர் போன பிறகு ஆரப்பாளையத்தில் இருக்கிற மகன் வீட்டுக்கு வந்துவிட்டேன். மகன் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பை, சூட்கேஸ் விற்கிற கடை வைத்திருக்கிறான். கடையைச் சாத்திவிட்டு வீடு வந்து சேர ராத்திரி பத்தரை ஆகிவிடும். மருமகள் வீட்டிலேயே பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறாள். ஒரு ஹால், ஒரு அறை, ஒரு அடுப்படி. ஹாலில் என் மெத்தை. மொட்டை மாடியில் தகரம் போட்ட ஓர் அறை இருக்கிறது. கடையில் விற்காத பெட்டிகளும் அட்டைகளும் அதில் கிடக்கும்.

ஐப்பசியில் ஒரு மருத்துவ முகாமில் எனக்குச் சர்க்கரை இருக்கிறது என்று கண்டுபிடித்து மாத்திரை கொடுத்தார்கள். காலையில் ஒன்று, சாயந்தரம் ஒன்று. சாப்பாட்டுக்கு முன்னால் போட வேண்டும் என்றார்கள். எனக்கு மறதி அதிகம். அதனால் சாமிக்கு விளக்கு ஏற்றும்போதே சாயந்தர மாத்திரையைப் போட்டுக்கொள்வது என்று வழக்கம் வைத்துக்கொண்டேன். விளக்கு ஏற்ற நான் மறந்ததே இல்லை.

மார்கழியில்தான் வேர்வை தொடங்கியது. ஃபேன் போடாத குளிர். எல்லோரும் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்குகிற நேரத்தில் எனக்கு மட்டும் தொப்பலாக நனைந்திருக்கும். நெஞ்சு படபடவென்று அடிக்கும். கெட்ட கெட்ட கனவாக வரும். விடிந்து எழுந்தால் தலை கனக்கும். நாற்பத்தேழு வயதில் தீட்டு நின்ற சமயம் எனக்கு இப்படி வேர்த்ததுண்டு. அந்தச் சூடுதான் திரும்பி வந்திருக்கிறது என்று நானாக நினைத்துக்கொண்டேன். இருபது வருஷம் கழித்து அது ஏன் வரப்போகிறது என்று யோசிக்கவில்லை. யாரிடமும் கேட்கவும் இல்லை. உடம்பைப் பற்றிப் பேசுவது எனக்குச் சின்ன வயதிலிருந்தே கூச்சம்.

அந்தக் கூச்சம்தான் என்னை மாட்டிவிட்டது. வீட்டில் யாரும் எழுமுன்னே எழுந்து, நனைந்த சேலையையும் பிளவுஸையும் அலசிப் பின்பக்கக் கம்பியில் போட்டுவிடுவேன். மெத்தையைச் சுவரில் சாய்த்து வைப்பேன். ஒரு கிழவி விடியுமுன் திருட்டுத்தனமாகத் துணி அலசினால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? மருமகள் அதைத்தான் நினைத்தாள்.

அவள் என்னைத் திட்டியிருந்தால்கூடப் பதில் சொல்லியிருப்பேன். அவள் திட்டவில்லை. இரக்கப்பட்டாள். மெத்தைக்கு மேலே ரப்பர் ஷீட் ஒன்றை வாங்கி விரித்தாள். சாயந்தரக் காபியை நிறுத்தினாள். "பொழுது சாஞ்சா தண்ணியக் குறைச்சுக்கங்கத்தே" என்றாள். ராத்திரி மூன்று இட்லி சாப்பிடுகிற எனக்கு ஒன்றாக்கினாள். சாம்பாரும் தண்ணீர்தானே என்று தொட்டுக்கொள்ளக் கொஞ்சம் பொடி வைத்தாள். நானும் பேசாமல் சாப்பிட்டேன். குறைக்கக் குறைக்க வேர்வை கூடிக்கொண்டே போனது. ரப்பர் ஷீட்டில் வேர்வை இறங்க வழி இல்லாமல் குளமாக நின்றது. "பாத்தீங்களாத்தே, இதுக்குத்தான் ஷீட்டு போட்டேன்" என்று அதையே சாட்சியாக எடுத்துக்கொண்டாள். என் பிளவுஸ் எல்லாம் தொளதொளவென்று ஆனது. அவளே பிடித்துத் தைத்துக் கொடுத்தாள்.

மாசியில் என் நாத்தனார், அதாவது என் வீட்டுக்காரரின் தங்கை, பசுமலையில் ஒரு கல்யாணத்துக்கு வந்தவர் எங்கள் வீட்டில் நாலு நாள் தங்கினார். அவர் படுக்க ஹால் வேண்டும். அன்றைக்கு மத்தியானம் நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்திருக்கும்போது மருமகள் மெடிக்கலிலிருந்து வாங்கிவந்த ஒரு பெரிய பாக்கெட்டை என் மடியில் வைத்தாள். பெரியவர்களுக்கான டயப்பர்.

"இதப் போட்டுக்கங்கத்தே. மாடி ரூமக் கூட்டித் தொடச்சு வச்சிருக்கேன். நாளையில இருந்து அங்க படுத்துக்கங்க. யாருக்கும் சங்கடம் இல்ல."

நாத்தனார் பாக்கெட்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "என்ன மதினி, திரும்பவும் பச்சப்புள்ளயாயிட்டீகளா?"

"நான் மூத்திரம் போகல" என்றேன்.

"வெக்கப்படாதீங்கத்தே. எங்க அம்மாச்சிக்கும் இப்படித்தான் இருந்துச்சு."

"உங்க அம்மாச்சி போயிருப்பாக. நான் போகல. அது வேர்வை."

நாத்தனார் சிரித்தார். "மாசிப் பனியிலயா? எம்புட்டு வேர்த்தா மெத்தை நனையும்? அங்க ஊர்ல வெயில்ல கள எடுக்கையிலகூட நீங்க இம்புட்டு வேர்த்து நான் பாத்ததில்லையே."

எனக்கு எங்கிருந்து தைரியம் வந்தது என்று தெரியாது. எழுந்துபோய், காலையில் அலச நேரமில்லாமல் சுருட்டி வைத்திருந்த சேலையை எடுத்துவந்து மருமகள் முன்னால் நீட்டினேன்.

"மோந்து பாரு."

"சீ, என்னத்தே இது!"

"மோந்து பாத்துட்டுச் சொல்லு. மூத்திரமா இருந்தா மாடிக்குப் போறேன்."

அவள் மூக்கைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். நாத்தனாரும் நீட்டினால் வாங்குவதாக இல்லை. என் சேலையை நானே மடித்து வைத்தேன்.

மாடிக்குப் போக நான் ஒத்துக்கொள்ளாதது ரோஷத்துக்காக மட்டும் இல்லை. அதற்கு முந்தின வாரம் ஒரு ராத்திரி வேர்த்து விழித்தபோது கைகால் நடுங்கி எழுந்திருக்க முடியவில்லை. மருமகளைக் கூப்பிட நினைக்கிறேன், அவள் பெயர் ஞாபகத்துக்கு வரவில்லை. நாக்கு குழறியது. எப்படியோ தவழ்ந்துபோய் அடுப்படியில் இருந்த ஒரு வாழைப்பழத்தைத் தின்ற பிறகுதான் நிதானம் வந்தது. அந்த மாதிரி ஒரு ராத்திரியில் மாடியில் தனியே கிடந்தால், மறுநாள் காலையில் என்னை எழுப்ப வருகிறவர்களுக்கு எழுப்ப ஆள் இருக்காது. எனக்கு அது நிச்சயமாகத் தெரிந்தது.

டயப்பர் வந்த அன்றைக்கு ராத்திரி மகனிடம் சொன்னேன். "ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போப்பா."

"வயசானா வர்றதுதாம்மா. இதுக்குப் போயி எந்த டாக்டரப் பாக்குறது? ஞாயித்துக்கிழமை யோசிப்போம்."

ஞாயிற்றுக்கிழமை வரை நான் யோசிக்கவில்லை. மறுநாள் காலை, அன்றைக்கு நனைந்த பிளவுஸையும் தலையணை உறையையும் ஒரு மஞ்சள் பையில் சுருட்டி வைத்துக்கொண்டு, எங்கள் வார்டு சுகாதார நிலையத்துக்கு நடந்தே போனேன். கடைக்குக்கூட யாராவது கூட வந்தால்தான் போகிறவள் நான். வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பெண் பையை எட்டிப் பார்த்து, "என்னம்மா, டிபனா?" என்று கேட்டாள். "ஆமா" என்று பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

உள்ளே இருந்தது ஒரு டாக்டரம்மா. சின்ன வயசு. "என்ன செய்யுது?" என்று கேட்டார். எனக்கு வாய் வரவில்லை. பையைத் திறந்து இரண்டையும் மேஜைமேல் எடுத்து வைத்தேன்.

"டாக்டரம்மா, இது மூத்திரமா இல்லையான்னு சொல்லுங்க. எங்க வீட்டுல மூத்திரங்கிறாங்க."

அவர் முகம் சுளிக்கவில்லை. கையுறை போட்டுக்கொண்டு பிளவுஸை விரித்துப் பார்த்தார். கழுத்துப் பட்டி, முதுகு, அக்குள். பிறகு உறையைத் தூக்கிப் பார்த்தார்.

"இது தலைக்கு வச்சிருந்ததா?"

"ஆமா."

"தலையணையில போயி ஒண்ணுக்கு இருக்கணும்னா நீங்க சர்க்கஸ்லதாம்மா சேரணும். இது வேர்வை."

நான் அழவில்லை. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தவள் நன்றாகத் தள்ளி உட்கார்ந்தேன்.

அதன் பிறகு அவர் கேட்ட கேள்விகளை முடிந்த வரைக்கும் எழுதுகிறேன். எத்தனை நாளாக, தினமும் வருகிறதா, துணி மாற்றுகிற அளவுக்கு நனைகிறதா? சாயந்தரத்தில் காய்ச்சல் அடிக்கிறதா? இருமல் இருக்கிறதா, சளியில் ரத்தம் வருகிறதா? எடை குறைந்திருக்கிறதா? கழுத்தையும் அக்குளையும் தொட்டுப் பார்த்து, தொடை இடுக்கில் கட்டி ஏதும் தட்டுப்படுகிறதா என்று கேட்டார். எனக்குக் காய்ச்சலும் இல்லை, இருமலும் இல்லை, கட்டியும் இல்லை. எடை மட்டும் குறைந்திருந்தது.

"இதையெல்லாம் ஏன் கேக்குறீக?" என்றேன்.

"ராத்திரி வேர்வைக்கு நூறு காரணம் இருக்கும்மா. போர்வை கனமா இருந்தாலும் வேர்க்கும், அது ஒண்ணுமில்ல. காசநோயில வேர்க்கும். தைராய்டு கூடினா வேர்க்கும். உடம்புல எங்கயாவது கிருமி உக்காந்திருந்தா வேர்க்கும். மனக்கவலையில வேர்க்கும். சில மாத்திரையால வேர்க்கும். எப்பவாவது ஒருத்தருக்கு நெறிகட்டுல வர்ற புத்துநோயாவும் இருக்கும். உங்களுக்கு இது அதுன்னு சொல்லல. ஒவ்வொண்ணா இல்லைன்னு பாத்துத் தள்ளணும்."

"தீட்டு நின்ன சூடுன்னு நெனச்சேன்."

"நின்னு எம்புட்டு வருஷம் ஆச்சு?"

"இருவது."

"அப்ப அதுதான்னு நாமளா முடிவு கட்டக் கூடாதும்மா."

பிறகு, ஏதாவது மாத்திரை போடுகிறேனா என்று கேட்டார். சுருக்குப்பையில் வைத்திருந்த சர்க்கரை மாத்திரை அட்டையைக் காட்டினேன்.

"சாயந்தர மாத்திரை எப்பப் போடுவீங்க?"

"ஆறரைக்கு. விளக்கு ஏத்தயில."

"சாப்பாடு?"

"மகன் வந்தப்புறம். பத்தரை ஆகும்."

அவர் எழுதுகிற பேனாவைக் கீழே வைத்தார். "மாத்திரை போட்டு நாலு மணி நேரம் கழிச்சா சாப்பிடுறீங்க?"

"ஆம்பள சாப்பிடாம நாங்க சாப்பிடுறதில்ல. அவுக இருந்தப்பவும் அப்படித்தான்."

"சாப்பிடுறது எம்புட்டு?"

"முன்ன மூணு இட்லி. இப்ப ஒண்ணு. நனையுதுன்னு மருமக குறைச்சிருச்சு."

டாக்டரம்மா நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். வயிற்றுக்குள் சோறு இருக்கிறது என்று நினைத்து மாத்திரை வேலை செய்கிறது, சோறு இல்லாததால் ரத்தத்தில் இருக்கிற கொஞ்சநஞ்சச் சர்க்கரையையும் அது இறக்கிவிடலாம், அப்படி இறங்கினால்தான் வேர்வை, நடுக்கம், படபடப்பு, கெட்ட கனவு, பேச்சுக் குழறல் எல்லாம் வரும் என்றார். "சந்தேகம்தாம்மா. உறுதியாத் தெரியணும். சர்க்கரை பாக்குற சின்ன மிஷின் வாங்கச் சொல்லுங்க. வேர்க்கிற அந்த நேரத்துல பாக்கணும். எழுபதுக்குக் கீழ இருந்தா மூணு ஸ்பூன் சீனியத் தண்ணியில கலக்கிக் குடிங்க. பதினஞ்சு நிமிஷம் கழிச்சு மறுபடி பாருங்க. நெனவு தப்பிட்டா வாயில எதையும் ஊத்தக் கூடாது, உடனே ஆம்புலன்ஸக் கூப்பிடணும்." மாத்திரையை இனித் தட்டு முன்னால் இருக்கும்போதுதான் போட வேண்டும், ஏழரைக்குச் சாப்பிட்டுவிட வேண்டும், நானாக மாத்திரையை நிறுத்தவும் கூடாது என்றார். ரத்தப் பரிசோதனைக்கும் நெஞ்சுப் படத்துக்கும் எழுதிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து மிஷினைப் பற்றியும் சீனியைப் பற்றியும் சொன்னேன். ஏழரைக்கே நான் சாப்பிட வேண்டும் என்பதை மட்டும் சொல்ல வாய் வரவில்லை. மகன் முணுமுணுத்தாலும் மிஷினை வாங்கி வந்துவிட்டான். மருமகள் தாளைப் படித்து, அதை இயக்கக் கற்றுக்கொண்டாள்.

இனி எழுதுவது என் தப்பு. அன்றைக்குச் சாயந்தரம் மகன் மிஷினைக் கொடுத்துவிட்டுத் திரும்பக் கடைக்குப் போய்விட்டான். ஏழரை ஆனதும் டாக்டரம்மா சொன்னபடி தட்டை எடுத்து வைத்தேன், மாத்திரையையும் போட்டேன். எதிரே நாத்தனார் உட்கார்ந்திருந்தார். "மகன் வரலையே மதினி, யாருக்குத் தட்டு?" என்றார். சும்மாதான் கேட்டார். "அவனுக்குத்தான், கழுவி வைக்கிறேன்" என்று சொல்லித் தட்டைக் கவிழ்த்துவிட்டேன். ஆஸ்பத்திரி வரைக்கும் தனியாகப் போய்வந்தவளுக்கு, இன்னொருத்தர் பார்க்க இட்லியைப் பிட்டு வாயில் போடக் கை வரவில்லை. ஐம்பது வருஷப் பழக்கம் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டது. பத்தரைக்கு மகன் சாப்பிட்ட பிறகுதான், அதே ஒரு இட்லி. மாடிக்குப் போகாமல் ஹாலிலேயே நாத்தனாருக்குப் பக்கத்தில் படுத்தேன். அது ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை.

விடிவதற்கு வெகு நேரம் முன்பே வேர்வையும் நடுக்கமும் வந்துவிட்டன. இந்தத் தடவை சொம்பைத் தரையில் தட்டினேன். மருமகள் விளக்கைப் போட்டுக்கொண்டு ஓடிவந்தாள். என்னைத் தூக்கி உட்கார வைக்க முதுகுக்குப் பின்னால் கையைக் கொடுத்தாள். எடுத்த கை சொட்டச் சொட்ட இருந்தது. அந்தக் கையை மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனதை நான் பார்த்தேன். உடனே மிஷினை எடுத்து என் விரலில் குத்தினாள்.

"அத்தே, ஐம்பத்தி ரெண்டு காட்டுது." அறைப் பக்கம் திரும்பிக் கத்தினாள். "என்னங்க, எந்திரிங்க! சீனி டப்பாவ எடுங்க!"

மகன் சீனியைக் கலக்கியதில் பாதி தரையில் கொட்டியது. குடித்தேன். கால் மணி நேரம் கழித்துப் பார்த்தபோது தொண்ணூறுக்கு மேலே ஏறியிருந்தது. நடுக்கம் நின்றது. நாத்தனார் மூலையில் உட்கார்ந்து சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு பார்த்தபடியே இருந்தார்.

"ஏனத்தே, இம்புட்டு நாளும் இதானா?" என்றாள் மருமகள். "நான் சோத்தையில்ல குறைச்சேன்."

"நீ குறைச்ச. நான் வாயத் தொறக்கல. ரெண்டு பேரும்தான்" என்றேன். "ஆனா மூத்திரம் இல்ல."

"இல்லத்தே. இல்ல."

காலையில் என்னோடு மூன்று பேரும் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். நாத்தனாரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். டாக்டரம்மா சாயந்தர மாத்திரையை மாற்றிக் கொடுத்தார். (ரத்தப் பரிசோதனையும் நெஞ்சுப் படமும் பிறகு அந்த வாரத்திலேயே வந்தன, காசநோயும் இல்லை, தைராய்டும் இல்லை.) "அம்மாவத் தனியா படுக்க வைக்காதீங்க" என்று மகனிடம் சொன்னார். அவன் தலையைக் குனிந்துகொண்டான். நான் குனியவில்லை. வீட்டுக்கு வந்ததும் டயப்பர் பாக்கெட்டை நாத்தனார் பக்கம் தள்ளி, "ஊருக்குக் கொண்டு போங்க, பிரிக்காத பாக்கெட்டு" என்றேன். "போங்க மதினி" என்று என் தோளில் ஓர் அடி வைத்தார்.

அன்றைக்குச் சாயந்தரம் ஏழரைக்குத் தட்டைப் போட்டேன். மூன்று இட்லி, சாம்பார், ஒரு சொம்புத் தண்ணீர். மாத்திரையைப் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். தைக்கக் கொடுத்த துணியை வாங்க வந்த பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தி வாசலில் நின்று, "என்னம்மா, உங்க மகன் இன்னும் வரல, அதுக்குள்ள முந்திக்கிட்டீங்க?" என்றாள்.

"ஆமா தாயி, முந்திக்கிட்டேன்" என்று இரண்டாவது இட்லியைப் பிட்டேன்.

விடியுமுன் ஒளிந்து ஒளிந்து சேலை அலசுகிற பெண்கள் இன்னும் எத்தனை பேர் இருக்கிறார்களோ. வெயிலில் வேர்ப்பது வேறு. ராத்திரியில் அடிக்கடி, துணி மாற்றுகிற அளவுக்கு வேர்த்தால், கூடவே காய்ச்சலோ, இருமலோ, எடைக் குறைவோ, கட்டியோ இருந்தால், சர்க்கரை மாத்திரை போடுகிறவராக இருந்தால், வயசு, சூடு, சாமி குத்தம் என்று நீங்களாகப் பெயர் வைக்காதீர்கள். போய்க் காட்டுங்கள். வாய் வராவிட்டால் துணியையே காட்டுங்கள். யாராவது சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும்.

இதில் இருக்கிற மருத்துவம் எல்லாம் நான் காதால் கேட்டதுதான். டாக்டரம்மா சொன்ன காரணங்களில் ஒன்றிரண்டை விட்டிருப்பேன், வரிசை மாறியிருக்கும். அச்சில் போடுகிறவர்கள் முதலில் ஒரு டாக்டரிடமோ நர்ஸிடமோ இதைக் காட்டிவிடுங்கள். முக்கியமாக அந்த எழுபது, மூன்று ஸ்பூன், பதினைந்து நிமிஷக் கணக்கு சரிதானா என்று பார்த்துத் திருத்தச் சொல்லுங்கள். அதைத் திருத்தினால் போதும். ஆண்பிள்ளை வருமுன்னே நான் சாப்பிட்டேன் என்பதை மட்டும் யாரும் அடிக்க வேண்டாம்.